மழைக்காலத்துத் தூண்டில்

தூண்டிலிடுதல் சோம்பேறிகளின் தொழில் என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். அவர்களோடு வழக்காட நான் இங்கே புகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோப்பெங்குக்கு அருகே கம்பார் ஆற்றங்கரையில் கோலும் கையுமாய் அமர்ந்திருக்கும் என்னைக் கண்டு, "கிராணிக்கு வேறு வேலையில்லை" என்று நகைத்துச் சென்ற அன்பர்களின் கூற்றில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். மழைக்காலத்து ஆற்று மீனுக்கு எந்த இரையை இடுவது என்னும் ஒரு சிறு வினாவைப் பற்றியே எழுதக் கருதுகிறேன். சிறு வினாதான், ஆயினும் அதற்கு விடை தேடிய வழியில் நான் நாணிய இடங்கள் சில உண்டு.

ஆங்கிலவழிக் கல்வி பெற்ற எங்கட்கு ஒரு குறையுண்டு. எதையும் முதலில் புத்தகத்தில் தேடுவோம். அப்புத்தகமும் ஆங்கிலப் புத்தகமாகவே இருத்தல் வேண்டும். பள்ளியில் எனக்குப் பரிசாகக் கிடைத்த நூல்களுள் ஐசக் வால்ட்டன் என்பார் 1653-ஆம் ஆண்டில் வெளியிட்ட தூண்டில் நூலும் ஒன்று. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டு, 1649-இல் மன்னன் தலையும் வீழ்ந்த சில ஆண்டுகளுக்குள், ஒரு மனிதர் ஆற்றங்கரையில் அமர்ந்து மீனையும் இரையையும் பற்றி இத்துணை அமைதியாக எழுதினார் என்பது எனக்கு இன்றும் வியப்பே. அந்நூலில் 'சப்' என்னும் மீனுக்குரிய இரைகளைக் கூறுமிடத்தில், பாலாடைக் கட்டியைச் சிறிது வெண்ணெயும் குங்குமப்பூவும் சேர்த்து உரலில் இடித்து, எலுமிச்சை நிறம் வரும்வரை பிசைதல் வேண்டும் என்று ஒரு பக்குவம் சொல்லப்பட்டிருக்கிறது. குளிர்காலத்துக்கென்று பாலாடைக் கட்டியோடு டர்ப்பென்டைன் சேர்ப்பாரும் உண்டாம்.

டர்ப்பென்டைனுக்கு நான் துணியவில்லை. ஆனால் ஈப்போவில் ஒரு பேரங்காடியில் பாலாடைக் கட்டி வாங்கினேன். குங்குமப்பூவின் விலையைக் கேட்டு மஞ்சள்தூளைச் சேர்த்துக்கொண்டேன். நம் நாட்டிற் பனியில்லை. ஆகவே ஆண்டு முடிவில் வரும் மழைக்காலமே நமக்குக் குளிர்காலம் என்று நானே ஒரு முடிவு கட்டிக்கொண்டு, ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் ஆற்றுக்குப் புறப்பட்டேன்.

இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தேன். விரற்கடை நீளமுள்ள பொடிமீன்கள் கூட்டங்கூட்டமாக வந்து அவ்வுருண்டையைக் கொறித்துக் கரைத்துவிட்டுச் சென்றன. பெருமீன் ஒன்றும் அதனை ஏறிட்டும் பார்க்கவில்லை. இதற்கிடையில், காற்றடைத்த படகுகளில் ஆரவாரித்துக்கொண்டு நீர்ச்சுழிகளைத் தாண்டிச் செல்லும் உல்லாசப் பயணிகள் என்னைக் கடந்தபோது, ஒருவர் கையசைத்து, "மீன் உண்டா?" என்று மலாயில் கேட்டார். நானும் கையசைத்தேன்.

புத்தகம் பொய் சொல்லவில்லை. அதனை எந்த நாட்டு ஆற்றுக்கு எழுதினார்கள் என்பதை நான்தான் எண்ணிப் பார்க்கவில்லை. மீனின் உடற்சூடு நீரின் சூட்டையே தொடர்வது. இங்கிலாந்தில் குளிர் மிகுந்து ஆறு சில்லிடும்போது மீனின் உடல் இயக்கம் தளர்கிறது, செரிமானம் மந்தமாகிறது, அஃது ஆழமான மடுவில் ஒடுங்கிக் கிடந்து, வாய்க்கருகே வரும் சிறு உணவை மட்டும் ஏற்கிறது. ஆகவே அங்குள்ளோர் குளிர்காலத்தில் சிறு புழுவையும், ஈயின் இளம்புழுவையும், மணம் மிக்க பிசைமாவையும் தேர்ந்தெடுக்கின்றனர். பேராக்கில் நீர் அவ்வாறு குளிர்வதே இல்லை. சித்திரை, வைகாசியை ஒட்டி ஒருமுறையும், ஐப்பசி, கார்த்திகையில் மறுமுறையும் இங்கே மழை மிகும். தீபாவளியைக் கொண்டாடுவோர்க்கும், அப்பண்டிகை நமக்கு ஏன் என்று கேட்போர்க்கும் அந்த மழை ஒன்றுபோலவே பெய்கிறது. அம்மழையில் மாறுவது ஆற்றின் தெளிவேயன்றிச் சூடன்று. மீனின் பசி குறைவதில்லை. அதன் கண்தான் மறைக்கப்படுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் எத்தனை பாலாடைக் கட்டியைக் கரைத்தாலும் பயனில்லை.

இதனை எனக்கு உணர்த்தியவர் எந்த நூலையும் எழுதியவரல்லர்.

எங்கள் தோட்டத்தில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் இருந்தார். எழுபதைக் கடந்தவர். சிறுவனாய் இருந்தபோது ரப்பர்ப் பால் வாளி சுமந்தவர். பின்னர்ப் பால்மரம் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை அறுத்தவர். நான் கணக்கு எழுத வந்த நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லி, 'நீ' என்றே அழைத்து வந்தேன். என் வயதினும் இரு மடங்கு மூத்தவரை அவ்வாறு அழைத்தல் தகுமா என்று அந்நாளில் எனக்குத் தோன்றவில்லை. கிராணிமார் தொழிலாளரை அழைக்கும் முறை அஃது. வெள்ளைத் துரைமார் போய்விட்டனர், முறை மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. அவரோ என்னை 'ஐயா' என்பார்.

பாலாடைக் கட்டி கரைந்த அன்று, அவர் எனக்குச் சற்றுக் கீழே, மூங்கிற் கோலுடன் நின்றிருந்தார். அவர் பக்கத்தில் இருந்த வாளியில் ஏதோ அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். மலாய்க்காரர் 'பாவுங்' என்று சொல்லும் ஆற்றுக் கெளுத்தி மூன்று கிடந்தன. அவர் என் மாவுருண்டையை முகர்ந்து பார்த்தார்.

"இது என்னங்க ஐயா, பலகாரமா?"

நான் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு எளிதாய் இருந்திருக்கும்.

"இந்த மீனு பொறந்ததிலேர்ந்து இதைப் பார்த்ததில்லீங்களே. மேலே மலையில மழை. ஆறு இன்னிக்கி என்னத்தைக் கொண்டாருதோ, அதைக் குடுங்க."

அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் விரித்துக்கொண்டிருக்கிறேன். மழை பெய்தால் கரை கரைகிறது. கரை கரைந்தால் மண்புழு நீரில் விழுகிறது. புற்றிலிருந்து ஈசல் புறப்பட்டுச் சிறகிழந்து நீரில் வீழ்கிறது. வெட்டுக்கிளியும் சிள்வண்டும் புல்லோடு அடித்துக்கொண்டு வரப்படுகின்றன. கரையோரத்து அத்திமரம் கனிகளை உதிர்க்கிறது. மீன் அன்றைக்கு எதை எதிர்பார்த்து எந்த இடத்தில் நிற்கிறதோ, அதை அந்த இடத்திற் கொடுப்பதே இரை தேர்தல். வேறு கலை அதில் இல்லை.

நிற்க. ஆற்றின் கலக்கத்தை அவர் தேநீர்க் கடைக் கணக்கிற் சொல்வார். 'தே ஓ' நிறம், 'தே தாரிக்' நிறம், 'மைலோ' நிறம் என மூன்று. பாலில்லாத தேநீரைப் போல் நிறமிருந்தும் அடி தெரியுமானால், மீனுக்கு இன்னும் கண் தெரிகிறது என்று பொருள். அப்பொழுது நரம்பு மெல்லியதாய் இருத்தல் வேண்டும். முள் சிறியதாய், இரைக்குள் மறைந்திருத்தல் வேண்டும். சிள்வண்டும் வெட்டுக்கிளியும் ஈசலும் நீரின் மேற்பரப்பில் மிதந்து செல்ல விடுதல் வேண்டும். 'செபாராவ்' என்னும் வேட்டை மீன் அந்நீரில்தான் சிறுமீன்களைத் துரத்தும். அதற்கு உயிர்மீனையோ தவளையையோ முள்ளிற் கோப்பாரும் உளர். மீனைத் தின்னும் நான் அதனைப் பழித்தல் முரண்பாடே. எனினும் தவளையை உயிரோடு கோப்பதைக் கண்கொண்டு பார்க்க என்னால் இயலவில்லை. பளபளக்கும் தகட்டுத் தூண்டில் அவ்வேலையைச் செய்யுமென்றால் அதுவே எனக்குப் போதும்.

பால் கலந்த தேநீரின் நிறம் வந்துவிட்டால் கண்ணுக்கு வேலை முடிந்தது. அது புழுவின் காலம். புழுவிலும் வகையுண்டு. அழுகிய வாழைத்தண்டின் அடியில் கிடைக்கும் சிறு செம்புழு நீரில் நெடுநேரம் நெளியும். அந்த நெளிவினால் எழும் அசைவையும் அதன் மணத்தையும் மீன் உணரும். ஆற்றங்கரைச் சேற்றில் தோண்டியெடுக்கும் பெரும்புழு உருவத்தால் மருட்டும். ஆனால் விரைவில் வெளுத்துத் தளர்ந்துவிடும். அதனைத் துண்டாக்கி இடுவதே நன்று. சிறுபுழுவை முழுதும் முள்ளில் ஏற்றிப் பிணமாக்கிவிடுவது கற்றுக்குட்டிகளின் வழக்கம். நானும் அதைத்தான் செய்துவந்தேன். ஓரிடத்தில் மட்டும் குத்தி, வாலைத் தன்போக்கில் ஆடவிடுதல் வேண்டும். சவர்க்காரம் இட்ட கையாலும் கொசு மருந்து பூசிய கையாலும் இரையைத் தொடலாகாது. பெரியவர் ஒவ்வொரு முறையும் கரை மண்ணில் கையைத் தேய்த்துக்கொண்ட பிறகே புழுவைத் தொடுவார். அது ஏதோ சடங்கு என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன்!

கெளுத்தி இனத்துக்கு இந்தக் கலங்கல் நீர் ஒரு தடையே அன்று. அதன் மீசைகளில் மட்டுமின்றி உடலின் தோல் முழுதிலும் சுவையறியும் நுண்ணுறுப்புகள் பரவியிருக்கின்றன என்று உயிர்நூலார் கூறுவர். உடலெல்லாம் நாவாய்த் திரியும் பிராணி அது. ஆதலால் பாவுங்குக்குக் கோழிக்குடலையும், சற்றே நாறிய இறாலையும், பெலாச்சான் பிசைந்த மாவையும் அந்திக்குப் பின் ஆற்றின் அடியில் கிடத்துவர். பிடித்த மீனை எடுக்கும்போது மார்புத் துடுப்பின் முள்ளுக்கு அஞ்சுதல் வேண்டும். அது குத்தினால் இரவெல்லாம் உறக்கமிராது.

இப்பெரியவர்க்குக் கலங்கல் நீரைப் பற்றிய அறிவு இத்துணை நுட்பமாய் அமைந்தது எவ்வாறு என்று நான் ஒருநாள் கேட்டேன். "எங்க சின்ன வயசுல ஆத்துல தெளிஞ்ச தண்ணி ஏதுங்க?" என்றார். உண்மைதான். ஈயத்துக்காகக் கிந்தாப் பள்ளத்தாக்கைத் தோண்டிய காலத்தில், நீரைக் குழாயிற் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, ஈயத்தைப் பிரித்துக்கொண்டு சேற்றை வெளியேற்றினார்கள். கோப்பெங் அத்தொழிலில் பேர்பெற்ற ஊர்களுள் ஒன்று. மழையிருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்பக்கத்து ஆறுகள் பல அந்நாளில் கலங்கியே ஓடின. 1985-இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது, சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன, குட்டைகள் எஞ்சின. பிறர் ஈயத்தை எடுத்துச் சென்றனர். அவர்கள் விட்ட சேற்றில் மணத்தால் மீன் பிடிக்கும் வித்தையை நம்மவர் கற்றனர். தூண்டிலிற் கட்டும் குண்டு வெள்ளீயமன்று, காரீயம் என்பதையும் இடையிலே சொல்லி வைக்கிறேன். ஈயநாட்டில் வாழ்ந்த நமக்கு அந்தக் குண்டுகூடக் கடைச்சரக்கே.

ரப்பர் விதையையும் அவர் சிறுவயதில் இரையாக இட்டதுண்டாம். நான் முதலில் நம்பவில்லை. பின்னர்த் தேடிப் படித்தபோது என் ஐயம் வெட்கமாயிற்று. ரப்பர் மரத்தின் தாயகமாகிய அமேசான் நாட்டில் மழைக்காலத்தில் ஆறு பெருகிக் காட்டுக்குள் புகும். அங்கே 'தம்பாக்கி' என்னும் பெருமீன், நீரில் விழும் ரப்பர் விதைகளைத் தன் வலிய பற்களால் உடைத்துத் தின்று கொழுக்கிறது. 1876-இல் அந்நாட்டிலிருந்து விக்காம் என்பவர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுசென்றார்; மறு ஆண்டு அவற்றின் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன; அவற்றுட் சில நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. மரம் வந்தது, அதன் பின்னே பால் எடுக்க நம் பாட்டன்மார் வந்தனர், தம்பாக்கி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. இச்செய்தியைப் பெரியவரிடம் கூறியபோது அவர் சிறிது நேரம் மிதவையையே நோக்கியிருந்துவிட்டுச் சொன்னார்:

"எங்க தாத்தாவுக்குப் போட்ட இரை என்ன தெரியுங்களா ஐயா? அந்த ஊருல மரத்தைத் தொட்டா பால் கொட்டும்னு சொன்னாராம் கங்காணி. பொய்யில்லீங்க, பால்தான் கொட்டுச்சு."

கங்காணி முறையில் ஆள் சேர்த்து மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. அதற்கு எத்தனையோ ஆண்டுகட்கு முன்னரே அவர் பாட்டனார் கப்பல் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து நான் அவரைத் 'தாத்தா' என்று அழைத்தேன். முதல் தடவை அச்சொல் என் வாயினின்று எளிதில் வரவில்லை. அவரோ 'ஐயா'வை விடவில்லை.

இனி, செம்பனைப் பழத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதனைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். நன்கு பழுத்து உதிர்ந்த செம்பனைப் பழம் லம்பாம் மீனுக்கும், மேலாற்றில் அரிதாகிவிட்ட கெலா மீனுக்கும் தலைசிறந்த இரை. இலேசாக வேகவைத்தால் சதை நெகிழ்ந்து முள்ளில் நன்கு பற்றும். எண்ணெய் கசிந்து நீரோட்டத்தில் தொலைவுவரை மணம் பரவும். கரையோரமெல்லாம் செம்பனை நட்ட பின்னர் மீன்களும் அதற்குப் பழகிவிட்டன. ஆனால் உதிரிப் பழம் தோட்டத்தின் சொத்து. அதை நிறுத்துக் கணக்கெழுதுபவன் நான். வெளியே கொண்டுசெல்வோரைப் பற்றி மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டியவனும் நானே. ஒருநாள் பெரியவர் தம் சட்டைப்பையிலிருந்து இரண்டு பழங்களை எடுத்தார். என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பழம் கணக்குல குறையுங்களா ஐயா?"

நான் மறுமொழி கூறவில்லை. கூறியிருந்தால் விதிப்படி கூறியிருப்பேன். அவர் ஒன்றைத் தம் முள்ளிலும் மற்றொன்றை என் முள்ளிலும் கோத்தார். ஒரு நாழிகைக்குள் என் கோல் வளைந்தது. அந்த லம்பாம் மீனை நான் உண்டேன்.

அதே மாதத்தில், ஓய்வுபெற்றோர் இருந்த லயத்து வீடுகளைப் புதிய தொழிலாளர்க்கு ஒதுக்குவதென்று முடிவாயிற்று. வீடுகளைக் காலி செய்யச் சொல்லும் கடிதங்களைத் தட்டச்சு செய்தது நானே. எல்லாக் கடிதங்களும் ஒரே வாசகம். பெயரும் வீட்டு எண்ணும் மட்டுமே வேறு. அவர் பெயரை நிரப்பும்போது என் விரல் நின்றது என்று எழுதினால் படிப்போர்க்கு நன்றாக இருக்கும். நிற்கவில்லை. பதினொரு கடிதங்களையும் மதியத்துக்குள் முடித்துவிட்டேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிற் கற்ற எழுத்தில் அவர் கையெழுத்திட்டுக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டார். மேசையண்டையில் சிறிது நின்றார். ஏதேனும் கேட்பார் என்று அஞ்சி நான் ஏட்டைப் புரட்டினேன்.

"ஞாயித்துக்கிழமை வருவீங்கள்ல?" என்றுதான் கேட்டார்.

சென்றேன். அன்று ஆறு தே தாரிக் நிறத்தில் இருந்தது. புழுவுக்கு ஏற்ற நாள். ஒரு மணி நேரத்தில் மூன்று பாவுங். நான்காவதற்காக நான் புழுவைக் கோத்துக்கொண்டிருந்தபோது அவர் திடீரென்று தம் கோலைச் சுருட்டினார். நீரில் பச்சை இலைகளும் சுள்ளிகளும் வரத் தொடங்கியிருந்தன. "மேலே ஏறுங்க ஐயா" என்றார். மீன் கடித்துக்கொண்டிருக்கிறதே என்றேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். ஆறாண்டுகளில் அவர் என்னைத் தொட்டது அதுவே முதன்முறை. நாங்கள் மேட்டில் ஏறி நின்ற சிறிது நேரத்துக்குள் மேலாற்றிலிருந்து ஓர் இரைச்சல் எழுந்தது. மலாய்க்காரர் 'நீரின் தலை' என்று பெயரிட்டிருக்கும் பெருக்கு அது. மலையில் பெய்த மழை ஒருங்கே திரண்டு வருவது. நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் வரும். நான் அமர்ந்திருந்த பாறை மறைந்தது. என் இரைப்பெட்டியும், ஈப்போவில் வாங்கிய தகட்டுத் தூண்டில்களும் போயின. இலையும் சுள்ளியும் திடீரென மிகுதல், நீரின் நிறம் நொடியில் மாறுதல், நீர் முன்னிலும் சில்லிடுதல் ஆகிய மூன்றில் ஒன்று கண்டாலும் கரையேறிவிட வேண்டும் என்பதை இதைப் படிப்போர் தம் பிள்ளைகட்குச் சொல்லி வைக்குமாறு வேண்டுகிறேன்.

தோட்டத்து இளைஞர் சிலர், "இரை தேடுவதெல்லாம் எதற்கு? மின்கலத்தைத் தண்ணீரில் வைத்தால் போதுமே" என்கின்றனர். முன்னாளில் தூபா வேரை இடித்துக் கரைத்து ஆற்றையே மயக்கினர். மருந்து, வெடி, மின்சாரம் மூன்றையும் 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் தடுத்திருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, தூண்டில் ஒரு மீனைக் கேட்கிறது. அவை குஞ்சும் முட்டையும் உட்பட எல்லாவற்றையும் பறிக்கின்றன. இதில் வாதிட என்ன இருக்கிறது?

பெரியவர் ஈப்போவில் மகள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். அடுக்குமாடியில் ஏழாம் தளம் அது. புறப்படும் நாளன்று, பாற்கட்டி டின் ஒன்றில் மண்ணும் தேயிலைச் சக்கையும் இட்டு, அதிற் செம்புழுக்களை விட்டு, அலுவலகத்துத் தாழ்வாரத்தில் நிழலான இடத்தில் வைத்துச் சென்றிருந்தார். மூடியில் ஆணியால் துளைகள் இட்டிருந்தது. நான் அவற்றுக்கு வாழைத்தண்டு இட்டு வளர்த்து வருகிறேன். கூட்டுவோர் இருமுறை அதை எறியப் பார்த்தனர்.

சென்ற ஐப்பசியில் ஆற்றங்கரையில் நின்றுகொண்டு அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒரு கையில் புழு டின்னும் மறு கையில் செம்பனைப் பழங்களும் இருந்தன. எதைக் கோப்பது என்று எனக்கு விளங்கவில்லை. அவர் நலம் கேட்கவில்லை. நான் யாரென்றும் கேட்கவில்லை.

"தண்ணி என்ன நிறம்?"

"தே தாரிக்குக்கும் மைலோவுக்கும் நடுவில் இருக்கிறது, தாத்தா."

"எலை வருதா?"

"இல்லை."

மறுமுனையில் தொலைக்காட்சியின் ஒலியும் குழந்தைகளின் கூச்சலும் கேட்டன. பிறகு அவர் சொன்னார்:

"அப்போ புழுவையே போடு தம்பி. கையை மண்ணுல தேச்சுக்க."